கையால் செய்த மாண்டலின் வாங்கப்போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

மாண்டலின் என்றதும் நினைவுக்கு வருபவர் யு.ஸ்ரீநிவாஸ். வழக்கமான மாண்டலினில் 4 ஜோடிகளாக 8 தந்திகள் இருக்கும். ஜோடித் தந்தியை இழுத்து கமகம் கொண்டுவருவது கஷ்டம். ஸ்ரீநிவாஸ் வாசித்ததோ, 5 ஒற்றைத் தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். அதனால், கர்னாடக சங்கீதமா, சினிமா பாட்டா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். செய்து முடித்த பிறகு மாற்றுவது சுலபமல்ல.

கையில் வாங்கியதும் ஒவ்வொரு தந்தியையும் 12-வது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்தாமல் மீட்டும்போது வரும் அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி மேலே சுத்தமாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜை நகர்த்திச் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்படியும் சேராவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பாச்சலூர் போன்ற மலையூர்க்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: ‘மரம் நன்றாகக் காய்ந்ததா?’ காயாத பலகை, மழைக்கும் வெயிலுக்கும் நாளடைவில் வளைந்துவிடும், ஸ்ருதியும் நிற்காது!