நள்ளிரவில் மலையேறுவது ஏன்?

கோடையில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்க் சிகரத்தை நாடுவோர், 3,167 மீட்டர் உயரத்திலுள்ள தெத் ரூஸ் விடுதியில் அந்தியிலேயே கண்ணயர்ந்து, நடுநிசி கழிந்த சில நாழிகைக்குள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவது, சூரியோதயத்தை உயரத்தில் நின்று தரிசிக்கும் ஆசையால் மட்டுமன்று. உயிரைக் காக்கும் பௌதிக நியதி ஒன்று அதற்குக் காரணமாக இருக்கிறது.

மேகமற்ற இரவில், பனிப்பரப்பு தன் உஷ்ணத்தைக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக ஆகாயத்தை நோக்கி ஓயாமல் வெளியிடுவதால், சுற்றியுள்ள காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட, பகலில் இளகிய அதன் மேல்தளம் மீண்டும் உறைந்து, இரும்புமுள் பூட்டிய காலணிக்குப் பிடிமானம் தருமளவு கெட்டிப்படுகிறது. மேகம் கவிந்துவிட்டாலோ, அது அந்த உஷ்ணத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட, பனி விடியும்வரை நெகிழ்ந்தே கிடக்கும். நட்சத்திரங்கள் தெரியாத இரவை அனுபவமிக்க வழிகாட்டிகள் விரும்புவதில்லை.

பாறைகளுக்கும் இதே நியதிதான். வெடிப்புகளுக்குள் உறைந்த நீர், தளர்ந்த கற்களைச் சாந்துபோல் பற்றி நிற்கிறது. வெயில் ஏறி அது உருகியதும் பிடி விட்டுக் கற்கள் உருள்கின்றன. விடுதிக்கு மேலே பாதையில் குறுக்கிடும் கூட்டே சரிவில் இவ்வாறு விழும் கற்களால் மாண்டோர் பலர். வெப்பம் மிகுந்த கோடையிலோ, பாறையின் உட்புறத்தில் நெடுங்காலமாக உறைந்திருந்த பனியே உருகத் தொடங்கிவிடுவதால், இரவும் பூரண அபயம் அளிப்பதில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், வழிகாட்டிகள் இப்பாதையில் பிரயாணிகளை அழைத்துச் செல்வதையே நிறுத்திவைத்தனர்.