பிங் வருகிறது, ஃபைல் நகரவில்லை

ஆபீஸில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒழுங்காக இருக்கும். ஒன்று மட்டும் நெட்வொர்க்கில் இழுத்தடிக்கும். கேபிள் செருகிய இடத்தில் விளக்கு எரியும். பிங் கொடுத்தால் உடனே பதில் வரும். ஆனால் சர்வரிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யத் தொடங்கினால் விநாடிக்குப் பத்து மெகாபைட் வரவேண்டிய இடத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வைரஸ் என்று சந்தேகப்பட்டு விண்டோஸையே புதிதாகப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்கு முன்னால் டூப்ளெக்ஸ் செட்டிங்கைப் பார்த்துவிடுவது நல்லது.

1973-இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈத்தர்நெட்டில், எல்லாக் கணினிகளுக்கும் சேர்த்து ஒரே கேபிள்தான். ஒரு நேரத்தில் ஒன்றுதான் அனுப்பலாம். இரண்டு சேர்ந்து தொடங்கிவிட்டால் தகவல்கள் மோதும். இரண்டும் நிறுத்திக்கொண்டு, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து மறுபடி முயலும். இது ஹாஃப் டூப்ளெக்ஸ். பின்னால், ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள் தரும் சுவிட்ச் வந்தது. அனுப்ப ஒரு ஜோடிக் கம்பி, வாங்க ஒரு ஜோடி என்று ஆனபோது மோதலுக்கே இடமில்லாமல் போயிற்று. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பும் இந்த ஃபுல் டூப்ளெக்ஸ் முறை 1997-இல் தரநிலையில் சேர்ந்தது.

ஒரு முனை ஃபுல், மறுமுனை ஹாஃப் என்று அமைந்துவிடும்போதுதான் சிக்கல். ஃபுல் பக்கம் யாருக்கும் காத்திராமல் அனுப்பும். ஹாஃப் பக்கம், தான் அனுப்பிக்கொண்டிருக்கையில் எதிரிலிருந்து தகவல் வந்தால் அதை மோதலாக எடுத்துக்கொண்டு, அனுப்பியதைப் பாதியில் வெட்டிவிடும். அந்த அரைகுறைத் துண்டு ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழையாக, அதாவது சிதைந்து வந்த தகவலாகப் பதிவாகும். பிங்கில் ஒரு சிறு கேள்வி போய், அதன் பிறகே பதில் திரும்புகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. அதனால்தான் அது தப்பிக்கிறது.

இதற்கு வழிவகுப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்த ஒரு காரியம். ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்ற தானியங்கி அமைப்பில், சுருக்கமாக ஆட்டோவில், இருக்கும் இரண்டு முனைகளும் இணைப்பு ஏற்படும் முன்பே மின்துடிப்புகளைப் பரிமாறி வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பேசி முடித்துக்கொள்கின்றன. வேகம் கூடட்டும் என்று ஒருவர் ஒரு முனையில் மட்டும் ‘100 ஃபுல்’ (100 மெகாபிட் வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ்) என்று கையால் வைத்தால், பொதுவாக அந்த முனை பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும். ஆட்டோவில் இருக்கும் மறுமுனையால் சிக்னலைப் பார்த்து 100 என்று கண்டுகொள்ள முடியும். டூப்ளெக்ஸ் என்னவென்று கண்டுகொள்ள வழியே இல்லை. அப்படியானால் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்கிறது தரநிலை. கருவி விதிப்படிதான் நடக்கிறது, அதைக் குறை சொல்வதற்கில்லை.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் கார்டின் ப்ராபர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்துக்குப் போங்கள். ‘ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்’ என்ற வரியில் ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ இருக்க வேண்டும். லினக்ஸில் எத்டூல் கட்டளை இப்போதைய நிலையைச் சொல்லிவிடும். மேனேஜ்டு சுவிட்சாக இருந்தால் அந்த போர்ட்டின் பிழை எண்ணிக்கைகளையும் பாருங்கள். முறையான ஹாஃப் டூப்ளெக்ஸில் மோதல் முதல் 64 பைட்டுக்குள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நிகழ்வதை ‘லேட் கொலிஷன்’ என்று தனியாக எண்ணுவார்கள். ஒரு முனையில் அதுவும் மறுமுனையில் சிஆர்சி பிழையும் சேர்ந்து ஏறினால் டூப்ளெக்ஸ் கோளாறுதான், சந்தேகமே வேண்டாம். சிஆர்சி மட்டும் ஏறினால் கேபிளைச் சோதியுங்கள். சாதாரண விலை குறைந்த சுவிட்சில் எதையும் மாற்ற முடியாது, அது எப்போதும் ஆட்டோதான். ஆகவே கம்ப்யூட்டரும் ஆட்டோவில் இருந்தாக வேண்டும்.

செம்புக் கம்பி கிகாபிட்டில் ஆட்டோ கட்டாயம் என்பதால் அங்கே இந்தத் தொல்லை அபூர்வம். கிகாபிட் இணைப்பு 100-க்கு இறங்கி நின்றால் டூப்ளெக்ஸைத் தேட வேண்டாம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். ஏதோ ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கலாம். பழைய பிரிண்டர், சிசிடிவி கேமரா, தொழிற்சாலைக் கருவிகளில்தான் டூப்ளெக்ஸ் கோளாறு இன்னும் தலைகாட்டுகிறது.

சில பழைய கருவிகளுக்குக் கையால் வைத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு முனைகளிலும் ஒன்றுபோல வையுங்கள். வைத்ததை ஒரு சீட்டில் எழுதி அந்த போர்ட்டின் அருகிலேயே ஒட்டிவிடுங்கள். நாளை சுவிட்சை மாற்ற வருபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.