உக்கும் பிளாஸ்டிக் எப்பொழுது உக்கும்?

கண்டிக் கடைவீதியிலே சோற்றுப் பொதியை வாழையிலையிற் கட்டித் தந்த காலம் போய், 'லஞ்ச் ஷீட்' என்னும் பொலித்தீன் தாளிற் கட்டித் தரும் காலம் வந்தது. 2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அரசாங்கம் அத்தாளைத் தடைசெய்தது. அதன்பின், 'உக்கக்கூடியது' என்று அச்சிட்ட பைகளும் கிண்ணங்களும் நம் இல்லங்களுக்கு வரலாயின. அவை உக்கும் என்பது மெய்யே. ஆனால் எத்தனை பாகை வெப்பத்தில் உக்கும் என்று நாம் எவரும் கேட்பதில்லை.

விடை அப்பொருளின் மூலக்கூறுகளில் இருக்கிறது. அதனை விளங்கிக்கொள்ள ஓர் இறப்பர் வளையம் போதும். இறப்பர் நமக்கு அயலான பொருளன்று. பிரேசில் விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் இங்கு வந்து ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. அகலமான வளையமொன்றைச் சட்டென இழுத்து மேலுதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். சற்றுப் பொறுத்துத் தளர்த்தி மீண்டும் வைத்தால் குளிரும். வகுப்பிலே நாம் இதனைச் செய்யச் சொன்னால் மாணவர் முதலில் நகைப்பர். பிறகு வளையத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்! இங்கிலாந்திலே இதனைக் கண்டு 1805இல் வெளியிட்ட ஜோன் கஃப் கண்பார்வையற்றவர். அணுக்கொள்கை தந்த டால்ட்டனின் ஆசிரியர்.

இறப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சும்மா இருக்கையில் சிக்குண்ட நூல்போலச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் ஒருமுகமாக வரிசைப்படும். மிக இழுத்தால் ஒன்றையொன்று நெருங்கி நுண்ணிய பளிங்குகளும் ஆகும். இவ்வாறு ஒழுங்குபடுகையில் வெளிப்படும் வெப்பத்தையே உதடு உணர்கிறது.

உக்கும் பிளாஸ்டிக்குகளிற் பெயர்பெற்ற பொலிலத்திக் அமிலமும் இத்தகைய சங்கிலிகளால் ஆனதே. சோளம், கரும்பு முதலியவற்றின் சர்க்கரையைப் புளிக்கச் செய்து பெறும் இலத்திக் அமிலம் (தயிருக்குப் புளிப்பைத் தருவதும் இதுவே) அதன் மூலப்பொருள். ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குக் கீழே அச்சங்கிலிகள் அசையமாட்டா. கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். அதற்குமேல் இளகும். இளகிய நிலையில் இழுத்து அப்படியே ஆறவிட்டால், வரிசைப்பட்ட சங்கிலிகள் இறப்பரைப்போல் மீளாமல் நிலைத்துவிடும். மெல்லிய தாள் வலுப்பெறுவது இதனாலேதான். சாதாரணக் கிண்ணத்திற் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் அது குழைந்துபோகும். ஆகவே சூடான பானத்துக்குரிய கிண்ணங்களை உற்பத்தியாளர் வெப்பத்தில் வைத்துப் பளிங்குகளை வளரச் செய்வர்.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. இப்பொருள் உக்குவதற்கு முதலில் நீர் உட்புகுந்து சங்கிலிகளைத் துண்டாக்க வேண்டும். அவை சிறுத்த பின்னரே நுண்ணுயிர்கள் உண்ணும். ஒழுங்கற்ற பகுதிக்குள் நீர் எளிதிற் புகும். நெருக்கமான பளிங்குக்குள் புகுவது அரிது. வலுவைத் தந்த இழுப்பும் சூடுமே உக்கலைத் தாமதப்படுத்துகின்றன. சங்கிலிகள் தளர்ந்து நீருக்கு வழிவிட 60 பாகையை அண்மித்த வெப்பம் வேண்டும். பெரிய கூட்டெருக் குவியலின் உள்ளே அவ்வெப்பம் உண்டாகும். அங்கே சில மாதங்களில் உக்கிவிடும்.

கண்டியிலோ ஆண்டுச் சராசரி வெப்பம் 25 பாகை அளவே. வளவிலே தோண்டிய குழியில் வாழையிலை மண்ணாகிய பின்னும் அக்கிண்ணம் வைத்தது வைத்தபடி இருக்கும். நகரத்துக் குப்பை பல்லாண்டுகள் கொட்டப்பட்ட கொஹாகொட, மகாவலி கங்கையின் அருகிலேயே உள்ளது. கங்கை நீரில் விழும் கிண்ணத்துக்கு அந்த 60 பாகை எங்கே கிடைக்கும்?

எல்லாப் பைகளும் ஒரே இனமல்ல. மென்மையான வேறு பல்பகுதியங்கள் கலந்த சில, குறைந்த வெப்பத்திலும் உக்கும்படி செய்யப்படுகின்றன. வீட்டுக் கூட்டெருவுக்கு ஏற்றதா, ஆலைக் கூட்டெருவுக்கு மட்டுமே உரியதா என்ற குறிப்பு தரமான பைகளில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் வகையை வாழைமரத்தடிக் குழியில் இடலாம். இரண்டாவதை அங்கே புதைப்பதிற் பயனில்லை.