ஒரு சிட்டிகை உப்பும் அணுவின் ஆற்றலும்

ஸ்பிரிட் விளக்கின் நீலச் சுடரில், உப்புக் கரைசலில் நனைத்த இரும்புக் கம்பியைக் காட்டினால் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. இதைப் பலமுறை வகுப்பில் செய்து காட்டியிருப்போம். (மெழுகுவத்தியில் செய்தால் பயனில்லை, அதன் சுடரே மஞ்சள்.) ‘சோடியம் மஞ்சள் நிறம் தரும்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறோம். ஆனால், அணு ஆற்றலை எப்படி வெளிவிடுகிறது என்ற பாடத்தைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மரக்காணம் உப்பளங்களை அடுத்த ஊர்களிலும் ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இது இன்னும் வசதி. உப்பு வாசலிலேயே கிடக்கிறது.

அணு அமைப்பை ஒன்பதாம் வகுப்பிலும் அணுக்கரு இயற்பியலைப் பத்தாம் வகுப்பிலும் நடத்துகிறோம். இடையில் ஓராண்டு ஓடிவிடுகிறது. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். ‘அணு’ என்றதும் இப்பகுதிப் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது அணுமின் நிலையம், அடுத்து, அணுகுண்டு. எனவே, “உப்புலயும் அணு இருக்கே சார், அதை உடைச்சா வெடிக்குமா?” என்று ஒரு மாணவன் கேட்டால் சிரித்து ஒதுக்கக் கூடாது. கேள்வி சரியானது. பதில் இரண்டு பகுதிகளாக வரும்.

முதல் பகுதி சுடரிலேயே இருக்கிறது. சோடியம் அணுக்கருவில் 11 புரோட்டான்கள், 12 நியூட்ரான்கள். வெளியே 2, 8, 1 என 11 எலக்ட்ரான்கள். உப்பில் சோடியம் அயனியாக இருப்பதால் அந்தக் கடைசி எலக்ட்ரான் அதனிடம் இல்லை. சுடரின் வெப்பத்தில் உப்பு ஆவியாகிப் பிரியும்போது நடுநிலைச் சோடியம் அணுக்கள் உருவாகின்றன. அவற்றின் வெளி எலக்ட்ரான் சுடரிலிருந்து ஆற்றலைப் பெற்று ஒரு படி மேலே ஏறுகிறது. உடனே கீழே இறங்குகிறது. இறங்கும்போது விடும் ஆற்றலே மஞ்சள் ஒளி. சோடியத்தில் அந்தப் படியின் உயரம் எப்போதும் ஒன்றே, சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட். அதனால்தான் மரக்காணம் உப்பானாலும் தூத்துக்குடி உப்பானாலும் நிறம் மாறுவதில்லை. தெருவில் எரிந்த பழைய சோடியம் விளக்கின் மஞ்சளும் இதே படியிலிருந்து வந்ததுதான்.

எலக்ட்ரான் கோளைப் போல வட்டமிடுகிறது என்ற படத்தைவிட இந்தப் படிக்கட்டு உவமையே இங்கு உதவும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோடியம் தன்னிடமிருந்து எதையும் செலவழிக்கவில்லை. வாங்கியதைத் திருப்பித் தந்தது. அந்த ஆற்றல் ஸ்பிரிட் எரிவதிலிருந்து வந்தது. எரிதல் என்பதும் அணுக்களின் வெளி எலக்ட்ரான்கள் இடம் மாறி, புதிய பிணைப்புகள் உருவாவதுதான். அணுக்கரு இந்த ஆட்டத்தில் சேருவதே இல்லை.

இரண்டாம் பகுதி அணுக்கரு. சோடியம் அணுக்கருவை ஒரு மில்லிமீட்டர் உப்புப் பரலாக நினைத்துக்கொண்டால், முழு அணு 50 மீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். அணுவின் நிறையில் 99.9 சதவீதத்துக்கும் அதிகம் அந்தப் பரலுக்குள்தான். நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளினாலும், மிகக் குறுகிய தொலைவில் மட்டும் செயல்படும் அணுக்கரு விசை அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. யுரேனியத்தில் 92 புரோட்டான்கள். அங்கே இந்தப் பிடி தளர்வாக இருக்கிறது. யுரேனியம் 235 ஒரு நியூட்ரானை விழுங்கினால் பேரியம், கிரிப்டான் போன்ற இரு நடுத்தர அணுக்கருக்களாகப் பிளந்து, இரண்டு மூன்று நியூட்ரான்களையும் வெளியே விடுகிறது. துண்டுகளின் மொத்த நிறை, தொடக்க நிறையைவிட ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு குறைவு. 1905இல் ஐன்ஸ்டீன் காட்டிய சமன்பாட்டின்படி, அந்தக் குறைவே சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளிப்படுகிறது.

எண்ணை ரூபாயாக்கிப் பார்க்கலாம். ஒரு சோடியம் அணு சுடரில் தரும் ஒளி ஒரு ரூபாய் என்றால், ஒரு கரி அணு எரிந்து தருவது இரண்டு ரூபாய். ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்து தருவது ஏறத்தாழ 10 கோடி ரூபாய்.

சரி, சோடியம் அணுக்கருவைப் பிளந்தால்? ஆற்றல் கிடைக்காது, நாம்தான் கொடுக்க வேண்டும். இரும்பை ஒட்டிய அணுக்கருக்களே மிக இறுக்கமாகப் பிணைந்தவை. மிகக் கனமானவை பிளந்தும், மிக இலேசானவை இணைந்தும் அந்த இறுக்கத்தை நோக்கிப் போகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ‘எந்த அணுவைப் பிளந்தாலும் ஆற்றல் வரும்’ என்று நம்மில் சிலரும் சொல்லிவிடுகிறோம். அது தவறு. உப்பு வெடிக்காது என்று மாணவனிடம் உறுதியாகச் சொல்லலாம், காரணத்தோடு.

கல்பாக்கத்திலும் சோடியம் உண்டு என்பது கூடுதல் சுவை. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இலும் இரண்டாவது 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின; அவை இயற்கை யுரேனியத்தையும் கனநீரையும் பயன்படுத்துபவை. அருகிலேயே 1985 அக்டோபரில் தொடர்வினையை எட்டிய வேக ஈனுலைச் சோதனை உலையில், உலையின் வெப்பத்தைச் சுமந்து வருவது உருகிய சோடியம். அங்கே அது எரிபொருள் அல்ல, குளிர்விப்பான்.

இலேசான அணுக்கருக்கள் இணைவதற்குச் சான்று உப்பளத்தின் தலைக்கு மேலேயே காய்கிறது. சூரியனின் மையத்தில் நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியமாகும்போது 0.7 சதவீத நிறை ஆற்றலாகிறது. இப்படி நொடிக்கு 40 இலட்சம் டன் நிறையை இழந்து சூரியன் வீசும் வெப்பத்தில் ஒரு துளிதான் பாத்தியில் உப்பை விளைவிக்கிறது.

அந்த ஹீலியத்தைக் கண்டுபிடித்த கதையிலும் சோடியத்தின் மஞ்சள் குறுக்கிடுகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ழான்சேனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலைமானியால் ஆராய்ந்தார்கள். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தழல்களில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியத்தின் கோடு என்றே முதலில் தோன்றியது. அவ்வாண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் அளந்து பார்த்தபோது அது சோடியத்தின் இடத்திலிருந்து சற்று விலகி இருந்தது. படியின் உயரம் வேறு. ஆகவே அணுவும் வேறு. சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸிலிருந்து அதற்குப் பெயர் வந்தது. 1895இல் ராம்சே அதைப் பூமியில் பிடித்தது ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து. யுரேனியம் சிதையும்போது வெளிவரும் ஆல்பா துகள்கள் ஹீலியம் அணுக்கருக்களே என்பது பின்னர்தான் விளங்கியது.

வாய்ப்புள்ள பள்ளிகள் ஆரோவில்லின் சோலார் கிச்சனுக்குக் களப்பயணம் போகலாம். அதன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள, அசையாத கண்ணாடிக் கிண்ணம் ஒன்று சூரிய ஒளியைக் குவித்துச் சமையலுக்கான நீராவியைத் தருவதற்காக அமைக்கப்பட்டது. அங்கே பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்க ஒரு கேள்வி: இந்த வெப்பம் எலக்ட்ரான் படியிலிருந்து வந்ததா, அணுக்கருவிலிருந்து வந்ததா? ‘இரண்டும்’ என்று சொல்லும் மாணவரை விளக்கவிடுங்கள். அணுக்கருவில் பிறந்த ஆற்றல் சூரியனின் மேற்பரப்பை வந்தடைந்து, அங்குள்ள எலக்ட்ரான்களின் வழியாகத்தான் ஒளியாகப் புறப்படுகிறது.