பயன் தீர்ந்த டப்பாவில் ஒரு சிற்றூர்

நவராத்திரி நெருங்குகையில் டில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொலுவைப் பற்றிய கவலை எழுவது இயல்பு. காஞ்சியிலும் பண்ணுருட்டியிலும் வாங்கிய மண் பொம்மைகள் நெடுந்தூர ரயில் பயணத்தில் உடைந்துபோகலாம். ஊர்தோறும் மாற்றலாகிச் செல்வோரின் வாடகை வீட்டில் ஒன்பது படிகளுக்கு இடமும் இராது. ஆயினும் கொலுவில் ஒரு பகுதியை எவ்வூரிலும் எளிதில் அமைக்கலாம். படிகளின் அருகே தரையில் விரியும் சிற்றூர்க் காட்சியே அது. அதற்கு வேண்டியவற்றுள் பெரும்பாலானவை நாம் குப்பையில் எறியவிருக்கும் டப்பாக்களே.

முதற்கண் அளவைத் தீர்மானித்தல் வேண்டும். ஓர் அடியை அரை அங்குலமாகக் கொள்வோம். ஐந்தரை அடி மனிதனுக்கு 2¾ அங்குலமும், ஏழடி வாயிலுக்கு 3½ அங்குலமும் உயரமாகும். இக்கணக்குப் பிசகினால், பொம்மை தன் வீட்டுக்குள்ளேயே நுழைய இயலாத விந்தை நேரும். பின்வரிசைப் பொருள்களை மட்டும் சற்றுச் சிறியனவாகச் செய்தால், இரண்டடிப் பலகையிலும் தொலைவு தோன்றும்.

அடுத்து, டப்பாக்களைச் சுடுநீரில் கழுவி உலர்த்துக. எண்ணெய்ப் பசை இருந்தால் வர்ணம் பற்றாது. தகரத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெட்டிய விளிம்பைக் குறட்டால் உட்புறம் மடித்துவிடுதல் இன்றியமையாதது. பெரியவர்களே இதைச் செய்தல் நலம். தேயிலை அட்டைப் பெட்டி ஓட்டு வீடாகும். அதன் முன் இரு தீப்பெட்டிகளை ஒட்டினால் திண்ணையாகும். தயிர்க் குவளையின் வெளிப்புறம் களிமண் பூசினால் கிணறு. சோப்புப் பெட்டிகளை மேலே செல்லச் செல்லச் சிறுத்துவருமாறு ஒற்றைப்படையில் அடுக்கினால் கோபுரம். பழைய முகக் கண்ணாடியின் ஓரங்களை மணலால் மறைத்தால் குளம்.

வயலுக்குத் தகர மூடியில் மண்ணிட்டு, ஓரிரவு ஊறிய கடுகை விதைக்கலாம். மகாளய அமாவாசைக்கு நான்கைந்து நாள் முன்பே விதைத்து நீர் தெளித்து வந்தால், முதல் நாட் கொலுவில் பசுமை தலைகாட்டும்.

இத்தகைய கலை தமிழருக்கு மட்டும் உரியதன்று. மராட்டியச் சிறுவர் தீபாவளியில் மண்ணால் சிறு கோட்டை கட்டிச் சிவாஜியையும் வீரர்களையும் நிறுத்துவர். வங்கத்தில் ஜூலன் விழாவின்போது பிள்ளைகள் மரத்தூளும் மண் பொம்மைகளும் கொண்டு குன்றும் ஊரும் அமைப்பர். பீகாரில் தீபாவளியன்று பெண் குழந்தைகள் ‘கரௌந்தா’ என்னும் சிறு வீட்டை அலங்கரிப்பர். 1976ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சண்டீகர் பாறைத் தோட்டத்தில், நேக் சந்த் உடைந்த வளையலையும் பீங்கானையும் சிற்பங்களாக்கியிருக்கிறார். ஆகவே அண்டை வீட்டுக் குழந்தைகளையும் அழைத்தால், அவர்களும் கைவந்த வேலையாகவே கலந்துகொள்வர்.

நம் குழந்தைகளுக்கோ இதில் மற்றொரு பயன் உண்டு. வெளிமாநிலத்தில் பிறந்த குழந்தை திண்ணையையும் ஏற்றத்தையும் கண்டிராது; காணாத பொருளின் பெயர் நாவில் தங்குவதும் அரிது. ஆனால் ஐஸ்கிரீம் குச்சியைத் துலாவாகவும், சீசா மூடியைச் சாலாகவும் கட்டி, கிணற்றிலிருந்து தன் கையாலேயே இறைத்துப் பார்த்த குழந்தைக்கு அச்சொற்கள் சொந்தமாகிவிடும். விழா முடிந்ததும் அட்டைகளைக் கலைத்துவிடலாம். அடுத்த ஆண்டு எந்த ஊரில் இருப்பினும், வேண்டிய டப்பாக்கள் அங்கும் கிடைக்கும்.