எலும்புப்புரை மருந்து: நன்மையும் தீமையும்

மனித உடலைத் தாங்கி நிற்பது எலும்பு. கல்லைப்போல் மாறாதது எனத் தோன்றினும், அது நாள்தோறும் அழிந்து நாள்தோறும் கட்டப்படும் உயிர்ப்பொருள். பழைய எலும்பை அரிக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் ஒத்து இயங்கும்வரை வலிமை குன்றாது. முதுமையில் இந்த ஒப்பு குலைகிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் பெண்களிடம் எலும்பிழப்பு விரைந்து நிகழ்கிறது. உள்ளே புரை விழுந்து, சிறு வீழ்ச்சியிலேயே எலும்பு முறியும் இந்நிலையே எலும்புப்புரை நோய். மருத்துவர் இதனை ஆஸ்டியோபோரோசிஸ் என்பர்.

இந்நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்வது. ஆதலின் மருந்தின் நன்மை உண்பவர்க்குப் புலப்படுவதில்லை. தீமையைப் பற்றிய செய்தி மட்டும் செவியில் விழுகிறது. முன்னரே முதுகெலும்பு ஒன்று முறிந்த நம் உறவினரான மூதாட்டி ஒருவர், தாடையெலும்பு கெட்டுவிடும் என யாரோ கூறக் கேட்டு, மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவ்வச்சம் பொருளற்றதன்று, ஆயினும் அளந்தறியாத அச்சம். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதிச் செயல்படுமாறு திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்குக் கூறுகிறது. அவ்வழியே இம்மருந்தை நோக்குவோம்.

நன்மை

இந்நோய்க்குப் பரவலாக வழங்கப்படும் அலெண்ட்ரோனேட், அமெரிக்காவில் 1995இல் ஒப்புதல் பெற்றது. பிஸ்பாஸ்போனேட் இனத்தைச் சார்ந்த இம்மருந்து எலும்பில் படிந்து, அரிக்கும் உயிரணுக்களைத் தடுக்கிறது. முன்னரே முதுகெலும்பு முறிந்த 2,027 பெண்களிடம் ஏறத்தாழ மூன்றாண்டுகள் நிகழ்ந்த ஆய்வு 1996இல் வெளிவந்தது. மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 15 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது; மருந்து உண்டவர்களுள் 8 பேருக்கே முறிந்தது. இடுப்பெலும்பு முறிவு ஆயிரத்துக்கு 22 என்பதிலிருந்து 11 ஆகக் குறைந்தது. இடுப்பு முறிந்த முதியோர் பலர் மீண்டும் பழையபடி நடமாட இயலாமற் போவதை நாம் அறிவோம். எனவே இப்பயன் சிறிதன்று.

தீமை

இம்மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் நீருடன் விழுங்கி, அரைமணி நேரமேனும் படுக்காமல் நிமிர்ந்திருத்தல் வேண்டும். குனிதலும் தகாது; ஆதலின் அதிகாலைத் தொழுகையை முடித்தபின் உண்பதே நலம். சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோர்க்கு இது ஏற்றதன்று.

தாடையெலும்பின் ஒரு பகுதி உயிரற்றுப் போகும் கேடு 2003 முதல் பேசப்படுகிறது. புற்றுநோய்க்காக மிகுந்த அளவில் ஊசிவழி மருந்து பெற்றோரிடமே அது பெரும்பாலும் காணப்படுகிறது. எலும்புப்புரைக்கு உண்போரிடம் மிக அரிது. ஆயினும் பல் பிடுங்குமுன் இம்மருந்தைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது.

நெடுங்காலம் உண்போருக்குத் தொடையெலும்பு குறுக்கே முறிவதும் உண்டு. தொடையிலோ தொடையிடுக்கிலோ காரணமின்றித் தோன்றும் வலி அதன் முன்னறிவிப்பாகலாம். தென் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 1,96,000 பெண்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கணக்கு இது: மூன்றாண்டு மருந்தால் பதினாயிரம் வெள்ளையினப் பெண்களுள் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும், இத்தகைய தொடை முறிவுகள் 2 விளையும். ஆசியப் பெண்களுள் தடுக்கப்படுவன 91, விளைவன 8. ஆசியர்க்குத் தீங்கு மிகுதியே. எனினும் நன்மை பன்மடங்கு.

காலம்

ஆண்டுகள் செல்லச் செல்லத் தொடை முறிவு வாய்ப்பு கூடுவதால், ஐந்தாண்டுக்குப் பின் மருந்தைத் தொடர்வதா, ஓய்வு தருவதா என மருத்துவர் மீண்டும் ஆராய்வர். எலும்பில் படிந்த மருந்து நிறுத்தியபின்னும் சில காலம் பயன்தரும். ஆறு திங்களுக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசியோ அவ்வாறன்று. அதை நாமாக நிறுத்தின், எலும்பு விரைந்து நலிந்து முதுகெலும்புகள் பல முறியக்கூடும்.

முறிவு வாய்ப்பு மிகுந்தவர்க்கு மருந்து அரண். குறைந்தவர்க்கு அது வேண்டாச் சுமையாகலாம். போதிய சுண்ணாம்புச்சத்தும் வைட்டமின் டியும், நடைப்பயிற்சியும், வீழாமற் காத்தலும் அனைவர்க்கும் உரியன.

அம்மூதாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இவற்றையெல்லாம் கேட்டோம். பற்களைச் சோதித்தபின் மாத்திரை மீண்டும் தொடங்கிற்று. இல்லத்துப் பெரியோர் மருந்தை நிறுத்தினால் கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்பதும், உடன் சென்று ஐயம் தீர்ப்பதும் படித்த பிள்ளைகளின் கடமையன்றோ!