6/6, மைனஸ் 2, ஆக்சிஸ் 180... கண்ணாடி சீட்டில் இருக்கும் எண்கள் சொல்வது என்ன?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என எந்த ஆப்டிகல்ஸ் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, “பவர் சீட்டு இருக்கா?” என்பதுதான். அந்தச் சீட்டில் இருப்பது இரண்டு வகை எண்கள். ஒன்று, கண் எவ்வளவு பார்க்கிறது. மற்றொன்று, அதற்குத் தேவைப்படும் லென்ஸ் பவர். இரண்டும் ஒன்றல்ல.

6/6 என்றால் என்ன?

நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் வெளியிட்ட எழுத்துப் பலகையில் இருந்து வந்த கணக்கு இது. மேல் எண், நீங்கள் படிக்கும் தூரம். 6/18 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 18 மீட்டரில் இருந்தே படிக்கும் எழுத்தை, நீங்கள் 6 மீட்டரில் இருந்துதான் படிக்க முடிகிறது என்று அர்த்தம்.

பவர் கட்டங்களில் இருப்பது என்ன?

ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண்.

• எஸ்பிஎச்: மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, பிளஸ் என்றால் தூரப்பார்வை. மைனஸ் 2 உள்ளவருக்கு கண்ணாடி இல்லாமல் சுமார் அரை மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். மைனஸ் 4 என்றால் கால் மீட்டர்.

• சிஒய்எல், ஆக்சிஸ்: பெரும்பாலும் கருவிழியின் வளைவு சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர் சிலிண்டர். அதை எந்தக் கோணத்தில் வைக்கணும் என்பதே ஆக்சிஸ். 180 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது பவர் அல்ல.

• ஆட்: 40 வயதையொட்டி வரும் வெள்ளெழுத்துக்காக, கிட்டத்தில் படிக்கக் கூடுதலாகச் சேர்க்கும் பவர்.

எதைக் கவனிக்கணும்?

“பவர் ஏறிடுச்சா?” என்பதைவிட, “கண்ணாடி போட்ட பிறகு எவ்வளவு தெரியுது?” என்று கேளுங்கள். மைனஸ் 3 இருந்தும் கண்ணாடியுடன் 6/6 படித்தால், அந்தக் கண்ணாடி தன் வேலையைச் செய்கிறது. பவர் குறைவாக இருந்தும், கண்ணாடியுடன் 6/18-க்கு மேல் வரவில்லை என்றால் கண்புரை, விழித்திரை பாதிப்பு போன்றவை இருக்கலாம். குழந்தைகளுக்கு அது ‘சோம்பல் கண்’ ஆகவும் இருக்கலாம். சின்ன வயசிலேயே சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம். கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தக் காலம் வீணாகிவிடும். 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் கண் டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் கவனத்துக்கு

ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு கண்ணாடிக்கு அளவெடுப்பது நல்லது.

6/6 வந்தாலும் நிம்மதியா இருக்கலாமா?

முழுசாக இல்லை. கண் நீர் அழுத்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் பாதிக்கும். அதனால் எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட முடியும். 40 வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தம், கண் நரம்பு பரிசோதனையும் சேர்த்தே செய்துகொள்ளுங்கள்.